ராணுவத்திலிருந்து மருத்துவத்துக்கு: அமெரிக்காவில் அந்தப் பாதை யாருக்குத் திறக்கிறது?

ஜானி கிம்மின் வாழ்க்கைக் குறிப்பைச் சமூக வலைதளங்களில் நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் கொரியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். 2002இல் பள்ளி முடித்த கையோடு அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, சீல் என்ற சிறப்புப் படைப் பிரிவுக்குத் தேர்வானார். படையின் மருத்துவ உதவியாளராகவும் குறிபார்த்துச் சுடுபவராகவும் நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைப் பணிகளில் பங்கெடுத்து வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்றார். 2012இல் கணிதத்தில் பட்டம், 2016இல் ஹார்வர்டில் எம்.டி. (அமெரிக்காவில் அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்), 2017இல் நாசாவின் விண்வெளி வீரராகத் தேர்வு, 2025இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் எட்டு மாதம். இராக்கில் காயம்பட்டு விழுந்த தோழர்களுக்குத் தன்னால் செய்ய முடிந்தது போதவில்லை என்ற தவிப்புதான் மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிப்பவர்கள் ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மனம் இருந்தது உண்மைதான். ஆனால் மார்க்கத்தை வேறு யாரோ போட்டு வைத்திருந்தார்கள். கிம் இளங்கலை படித்தது, கடைநிலை வீரர்களைக் கல்லூரிக்கு அனுப்பி அதிகாரியாக்கும் கடற்படைத் திட்டம் ஒன்றின் கீழ். அதில் படிக்கும் காலம் முழுக்கப் பணியில் இருப்பதாகவே கணக்கு, சம்பளம் நிற்காது. வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் என்ன செய்வது என்ற கேள்வி இல்லாமல் அந்த வருடங்கள் கழிந்தன.

படையை விட்டு வெளியே வந்து மருத்துவராக நினைப்பவர்களுக்குத் தைரியமோ ஒழுங்கோ உழைப்போ பொதுவாகக் குறைவதில்லை. அவர்களிடம் இல்லாதது வருடங்கள். அந்த வருடங்களின் செலவை யார் ஏற்கிறார்கள், ஏற்கெனவே கற்றுக்கொண்ட வேலையை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற இரண்டையும் பொறுத்துத்தான் பாதை திறப்பதும் மூடுவதும். அமெரிக்கா இந்தக் கேள்விக்கு எண்பது ஆண்டுகளாகப் பல விதங்களில் பதில் தேடியிருக்கிறது. சில பதில்கள் நன்றாகவே வேலை செய்தன, ஒன்று கைக்கு வந்து நழுவியும் போனது.

முதலில் வயதுக் கணக்கு

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் பொதுவாகப் பள்ளி முடித்ததும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. முதலில் நான்கு ஆண்டு பட்டப்படிப்பு. அதற்குள் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் ஆகியவற்றை ஆய்வக வகுப்போடு முடித்திருக்க வேண்டும். பிறகு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம். விண்ணப்பம், நேர்காணல், முடிவு என்று இழுத்து முடிய ஏறக்குறைய ஓராண்டு. அப்புறம் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு. அதன்பின் ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சி: குடும்ப மருத்துவத்துக்கு மூன்று ஆண்டு, பொது அறுவை சிகிச்சைக்கு ஐந்து, மூளை அறுவை சிகிச்சைக்கு ஏழு.

பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து ஆறு ஆண்டு பணி செய்தவருக்கு வெளியே வரும்போது 24 வயது. பட்டம் முடிக்க 28, கல்லூரிக்குள் நுழைய 29, எம்.டி. வாங்க 33. தனியாக நோயாளி பார்க்க ஆரம்பிக்கும்போது குறைந்தது 36, சில துறைகளில் 40. நேராகப் படித்து வருபவர்கள் மருத்துவக் கல்லூரியில் சேரும் சராசரி வயது 24ஐ ஒட்டியது. வயது மூத்த மாணவர் என்பதற்காகக் கல்லூரிகள் முகம் சுளிப்பதில்லை. விண்ணப்பத்துக்கு வயது உச்சவரம்பும் கிடையாது. ஆனால் 29 வயதுக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு குடும்பம் இருக்கும், ஒரு பிள்ளை இருக்கும், முதுகிலோ முழங்காலிலோ படையிலிருந்து கொண்டுவந்த வலி இருக்கும். இருபத்திரண்டு வயதில் அப்பா அம்மா பணம் கட்டப் படிக்க வருபவரோடு அவர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும், ஒவ்வொரு மாதமும் அவருக்கு வேறு விலை.

கை அறிந்தது, சான்றிதழ் அறியாதது

படையிலிருந்து மருத்துவத்துக்கு வருபவர்கள் எல்லோரும் மருத்துவ உதவியாளர்கள் அல்லர். பீரங்கிப் படை, நீர்மூழ்கிக் கப்பல், உளவுப் பிரிவு என்று எங்கிருந்தும் வருகிறார்கள். ஆனாலும் ராணுவத்தில் ‘மெடிக்’ என்றும் கடற்படையில் ‘கோர்மேன்’ என்றும் அழைக்கப்படும் உதவியாளர்களின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த அமைப்பு எங்கே இடறுகிறது என்பது அவர்களிடம்தான் தெளிவாகத் தெரிகிறது.

ராணுவ மெடிக்குகளுக்கான பயிற்சி டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில், ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் முகாமில் நடக்கிறது. 1996இல் ஃபிராங்க் பட்லர் என்ற கடற்படை மருத்துவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை ஒன்று, போர்க்களச் சிகிச்சையின் வரிசையையே மாற்றியமைத்தது. ஊருக்குள் நடக்கும் விபத்தில் முதலில் மூச்சுக்குழாயைப் பார்ப்பார்கள். களத்தில் கை கால் போனவர் மூச்சுத் திணறுவதற்கு முன்பே ரத்தம் இழந்து இறந்துவிடுவார். ஆகவே முதலில் ரத்தத்தை நிறுத்து; பிறகு மூச்சுப் பாதை, சுவாசம், ரத்த ஓட்டம்; அப்புறம் உடல் சூடு குறையாமல் போர்த்து என்று வரிசை மாறியது. ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டை, காலைப் பறித்துவிடும் என்று முன்பு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது; இப்போது ஒவ்வொரு வீரரின் உடுப்பிலும் ஒன்று செருகியிருக்கும். ஒரே கையால் மாட்டி, திருகுக் குச்சியைச் சுழற்றி, கீழே நாடித் துடிப்பு நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தைப் பட்டையின் மேலேயே பேனாவால் எழுத வேண்டும். எத்தனை மணிக்குக் கட்டப்பட்டது என்று தெரியாவிட்டால் அடுத்து வாங்கும் அறுவை மருத்துவர் இருட்டில் முடிவெடுக்க நேரும்.

இதன் கனத்தை ஓர் ஆய்வு காட்டுகிறது. 2001 முதல் 2011 வரையிலான அமெரிக்கப் போர்க்கள மரணங்களை ஆராய்ந்து 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, இறந்த 4,596 பேரில் 87 சதவீதத்தினர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே இறந்தவர்கள். அப்படி இறந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேரைக் காப்பாற்றியிருக்கக்கூடும். அவர்களில் பத்தில் ஒன்பது பேரின் உயிரைக் குடித்தது ரத்தப்போக்கு. மருத்துவர் கைக்கு வருமுன் நடக்கிற அந்தச் சில நிமிடங்கள், இருபது இருபத்தோரு வயது மெடிக்கின் கையில் இருக்கின்றன.

அதே மெடிக் சீருடையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பும்போது கையில் இருப்பது ‘இஎம்டி’ என்ற அடிப்படை ஆம்புலன்ஸ் உதவியாளர் சான்றிதழ். நெஞ்சுக்குள் சிக்கிய காற்றை ஊசி குத்தி வெளியேற்றியவர் அவர். காயத்தைத் தைத்தவர், வலிமருந்து கொடுத்தவர். ஊருக்குள் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் செய்ய அனுமதி கிடையாது. நாடி பார்க்கலாம், ஆக்ஸிஜன் வைக்கலாம், ஸ்ட்ரெச்சர் தள்ளலாம், அவ்வளவுதான். சம்பளமும் அதற்கேற்றபடியே.

சட்டத்தின் நியாயம் புரியாமல் இல்லை. போர்க்களத்தில் காயம்பட்ட இளைஞர்களைப் பார்த்தவர், எழுபது வயது சர்க்கரை நோயாளியையோ கர்ப்பிணியையோ குழந்தையையோ பார்க்கத் தகுதியானவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அனுபவத்தைச் சோதித்துப் பார்த்து, இருக்கிற அளவுக்கு ஏற்றுக்கொள்ளவும் வழி இருந்திருக்க வேண்டும். வெர்ஜீனியா மாநிலம் 2016இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. படையை விட்டு வந்து அதிக காலமாகாத மெடிக்குகளும் கோர்மேன்களும் மருத்துவமனைகளில் மேற்பார்வையின் கீழ் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்யலாம், அதே சமயத்தில் அடுத்த உரிமத்துக்குப் படிக்கலாம். நல்ல ஏற்பாடு. எல்லா மாநிலங்களும் ஏன் இதைச் செய்யவில்லை என்பதற்கு எனக்குத் திருப்தியான காரணம் கிடைக்கவில்லை.

நான்கு கோர்மேன்கள் தொடங்கி வைத்த தொழில்

இந்தப் பிரச்சினைக்கு அமெரிக்கா கண்ட மிக துணிச்சலான பதில் 1965இல் வந்தது. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவர்களை வேகமாகப் பயிற்றுவித்ததை நேரில் பார்த்தவர். படிப்பின் நீளத்தைக் குறைத்தால் தரம் தானாகவே விழுந்துவிடும் என்ற நம்பிக்கை அவரிடம் இல்லை. முதலில் செவிலியர்களுக்கு மேல்நிலைப் பயிற்சி கொடுக்க ஒரு திட்டம் போட்டார். செவிலியர் கல்விக்கான அங்கீகார அமைப்பு அதை ஏற்கவில்லை. அதே சமயத்தில் கிராமப்புறங்களில் மருத்துவர் பற்றாக்குறை. 1965இல் முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வந்ததும் நோயாளிகள் பெருகினார்கள். வியட்நாம் போர் சூடு பிடித்துக்கொண்டிருந்தது; பயிற்சி பெற்ற கோர்மேன்கள் படையை விட்டு வெளியே வந்து, தங்கள் வேலைக்கு ஊருக்குள் இடமே இல்லை என்று கண்டார்கள்.

ஸ்டெட் அப்படிப்பட்ட நான்கு முன்னாள் கடற்படைக் கோர்மேன்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு ஆண்டு வகுப்பு தொடங்கினார். 1967 அக்டோபர் 6 அன்று மூன்று பேர் பட்டம் பெற்றார்கள். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற தொழில் பிறந்தது அன்றுதான். மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதிப்பது, நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, அறுவை சிகிச்சையில் துணை நிற்பது எல்லாம் இவர்கள் வேலை. 1969இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் என்ற மருத்துவர் ‘மெடெக்ஸ்’ என்ற பெயரில் இதேபோன்ற திட்டம் தொடங்கினார். முதல் வகுப்பில் இருந்த பதினைந்து பேரும் படையிலிருந்து வந்த மருத்துவ உதவியாளர்கள். சில மாத வகுப்புக்குப் பிறகு அவர்களை மருத்துவர் கிடைக்காத சிற்றூர்களில் தனியார் மருத்துவர்களோடு சேர்த்துவிட்டார் ஸ்மித்.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தது, வந்தவர்களின் கைகளைப் பார்த்துத் தொழிலின் அளவை வெட்டினார்கள் என்பதுதான். ‘நீங்கள் எங்கள் ஏணியின் அடிப்படிக்கட்டிலிருந்து ஏறுங்கள்’ என்று சொல்லவில்லை. ‘உங்களுக்கு இவ்வளவு தெரியும், மிச்சத்தை இரண்டு ஆண்டில் கற்றுத் தருகிறோம்’ என்றார்கள்.

இன்று அமெரிக்காவில் இந்தத் தொழிலில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். வேலை வாய்ப்பும் சம்பளமும் மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் தொழில் வளர வளர அதன் வாசல் மாறிவிட்டது. 2020க்குள் எல்லாப் பயிற்சிகளும் முதுகலைப் பட்டமாக மாற வேண்டும் என்று அங்கீகார அமைப்பு விதித்தது. இப்போது உள்ளே நுழைய இளங்கலைப் பட்டம், வேதியியல், உடற்கூறியல், நல்ல மதிப்பெண் எல்லாம் வேண்டும். கோர்மேன்களுக்காகத் திறந்த கதவில் இன்றைக்குப் பெரும்பாலும் கல்லூரியிலிருந்து நேராக வரும் பிள்ளைகள் நுழைகிறார்கள். தொழிலின் மதிப்பு உயர்ந்தது நல்லதுதான். ஆனால் எவருடைய திறமையை நம்பி அது தொடங்கப்பட்டதோ அவர்களுக்கே மறுபடியும் ஆறேழு ஆண்டுப் படிப்பு என்று ஆனது எனக்கு உறுத்துகிறது. பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் முப்படைகளும் சேர்ந்து 1996 முதல் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் நடத்தும் பிசிஷியன் அசிஸ்டென்ட் பயிற்சி இன்னும் நேரான வழியாக இருக்கிறது.

36 மாதம்

முழு மருத்துவராகத்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கைகொடுப்பது ஜி.ஐ. பில். 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட முதல் சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களின் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்றது. சுமார் 22 லட்சம் பேர் அதன் மூலம் கல்லூரிக்குப் போனார்கள். 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். அதே சட்டம் கறுப்பின வீரர்களுக்குக் காகிதத்தில் கொடுத்ததை நடைமுறையில் பெரிதும் கொடுக்கவில்லை. தென் மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் அவர்களைச் சேர்க்க மறுத்தன, கறுப்பினக் கல்லூரிகளில் போதிய இடமில்லை. அந்தத் தலைமுறையில் எத்தனை மருத்துவர்கள் உருவாகாமல் போனார்கள் என்பது கணக்கில் வராத இழப்பு.

இப்போது நடைமுறையில் இருப்பது 2008இல் நிறைவேறி 2009 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சட்டம். மூன்று ஆண்டு பணி செய்தவருக்கு 36 மாதக் கல்விச் செலவு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உள்மாநிலக் கட்டணம் முழுவதும்; கூடவே வீட்டு வாடகைக்கு மாதத் தொகை, புத்தகத்துக்கும் கொஞ்சம். ஒரு கல்வியாண்டு ஒன்பது மாதம் என்பதால் 36 மாதம் என்பது சரியாக நான்கு கல்வியாண்டு. சிக்கலும் அங்கேதான். மருத்துவராக வேண்டியவருக்குத் தேவை எட்டுக் கல்வியாண்டு. இளங்கலைக்குச் செலவழித்தால் மருத்துவக் கல்லூரிக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரை, அந்த 36 மாதத்தை இளங்கலையில் கரைத்துவிடாதே என்பது. பணியில் இருக்கும்போதே ராணுவம் ஆண்டுக்கு 4,500 டாலர் வரை கல்லூரிக் கட்டணம் தருகிறது. அதை வைத்து மாலை வகுப்பிலும் இணைய வழியிலும் முடிந்தவரை பட்டத்தை முன்னகர்த்தலாம். டெக்சாஸ் மாதிரி மாநிலத்தவர் என்றால், ஹேஸில்வுட் சட்டத்தின்படி மாநில அரசுக் கல்வி நிலையங்களில் 150 கிரெடிட் (பாட அலகு) வரை கட்டணமே இல்லை; ஆனால் முழு ஜி.ஐ. பில் கையில் இருக்கும்வரை பொதுவாக அதைத் தொட முடியாது, அது தீர்ந்தபின்தான் கைகொடுக்கும். பணியில் இருந்தபடி படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. அறிவியல் பாடங்களை, அதிலும் ஆய்வக வகுப்புகளை, இணையத்தில் முடித்திருந்தால் பல மருத்துவக் கல்லூரிகள் தயங்கும். கப்பலிலோ வெளிநாட்டு முகாமிலோ இருப்பவர் கரிம வேதியியல் ஆய்வகத்துக்கு எங்கே போவார்? ஆகவே வரலாறு, உளவியல் போன்ற பாடங்களைப் பணியில் இருக்கும்போது முடித்துவிட்டு, அறிவியலை வெளியே வந்தபின் வகுப்பில் உட்கார்ந்து படிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

தனியார் மருத்துவக் கல்லூரி என்றால் ஜி.ஐ. பில் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலரோடு நின்றுவிடும். கட்டணம் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். ‘யெல்லோ ரிப்பன்’ என்ற ஏற்பாட்டில், கல்லூரி ஒரு பங்கைத் தள்ளுபடி செய்தால் அதற்குச் சமமாக அரசும் போடும். எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கல்லூரி. சேரும் முன் இதை விசாரிக்காமல் விட்டால் பெருங்கடனில் மாட்டிக்கொள்ள நேரும்.

வாடகைத் தொகையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. இரண்டு பருவங்களுக்கு நடுவில் விடுமுறை என்றால் அந்த நாட்களுக்குத் தொகை வராது. தனியாளுக்கு இது ஒரு சங்கடம். பிள்ளைகளோடு இருப்பவருக்கு டிசம்பர் கடைசியில் வாடகைக்கு எங்கே போவது என்ற கேள்வி. படித்துக்கொண்டே ஆம்புலன்ஸில் இரவு வேலை பார்ப்பவர்கள் இந்தத் துளையை அடைக்கத்தான் பெரும்பாலும் அப்படிச் செய்கிறார்கள். அந்த இரவுகளின் விலையை எம்கேட் மதிப்பெண்ணில் கொடுக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பு வழங்கியது. ஜேம்ஸ் ருடிசில் என்ற முன்னாள் ராணுவ வீரரின் வழக்கு அது. மான்ட்கமரி என்ற பழைய ஜி.ஐ. பில்லுக்கும் 2008இன் புதியதற்கும் தனித்தனிப் பணிக்காலத்தால் தகுதி பெற்றவர்கள் இரண்டையும் சேர்த்து மொத்தம் 48 மாதம் வரை பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு மாதம் கூடுதல் என்றால் மருத்துவக் கல்லூரியில் ஓராண்டுக்கு மேல். மறுபக்கம், 2025இல் வந்த சட்டத்தால் 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டப்பட்டுவிட்டது. பல கல்லூரிகளில் நான்கு ஆண்டுச் செலவு இதைத் தாண்டும். ஜி.ஐ. பில் மிச்சம் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரம் இனி இன்னும் கூடும்.

சீருடையைக் கழற்றாமலே போகும் வழி

மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்டாவில், 1972இல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்ட சீருடைப் பணிகளுக்கான மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, மாணவர்கள் அதிகாரி நிலைச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறார்கள், பதிலுக்கு ஏழு ஆண்டு படையில் பணி. முன்பு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் கல்லூரிப் பட்டதாரிகளும்தான். 2014இல் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டம் நான் மேலே சொன்ன ஓட்டையை நேராக அடைக்கிறது. பட்டம் வைத்திருக்கும் கடைநிலை வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 24 மாதம் அறிவியல் பாடங்களையும் எம்கேட்டுக்கான தயாரிப்பையும் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டும் முழுச் சம்பளம், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. அவர்களுடைய அப்போதைய ஒரே வேலை படிப்பு. பெரும்பாலானோர் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அதே மனிதர் வெளியே வந்து, இரவு வேலை பார்த்துக்கொண்டு அதே பாடங்களைப் படித்திருந்தால் எத்தனை பேர் நுழைந்திருப்பார்கள்?

முன்னாள் வீரர் துறை 2020இல் தொடங்கிய ஒரு சிறு முயற்சியும் உண்டு. ஒன்பது மருத்துவக் கல்லூரிகள், கல்லூரிக்கு இரண்டு முன்னாள் படைவீரர்கள், முழு உதவித்தொகை, படித்து முடித்தபின் முன்னாள் வீரர் மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுப் பணி. அந்த ஒன்பதில் நான்கு, ஹோவர்ட், மெஹாரி உள்ளிட்ட கறுப்பினக் கல்லூரிகள். பதினெட்டுப் பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆனாலும் போர்க்காயத்தையும் போருக்குப் பிந்தைய தூக்கமின்மையையும் தானே அனுபவித்த மருத்துவர் எதிரே உட்கார்ந்தால், நோயாளி மனம் விட்டுப் பேசுவார் என்ற எண்ணம் சரியானது. இந்தத் திட்டம் பெரிதாக வேண்டும்.

படை கற்றுத் தருவதும் தராததும்

தூக்கமில்லாத இரவு, அவசரத்தில் பதறாமல் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுப்பது, தான் செய்த தவறை அணியின் முன்னால் சொல்லி அலசுவது ஆகியவை மருத்துவத்துக்கு அப்படியே பயன்படுகின்றன. வாரத்துக்கு 80 மணி நேர வேலை என்ற ரெசிடென்சி வரம்பு, மற்றவர்களை மிரட்டும் அளவுக்கு இவர்களை மிரட்டுவதில்லை.

கடினமாக இருப்பது வேறொன்று. நாற்பது பேரை வழிநடத்தியவர், மருத்துவமனையில் மூன்றாம் ஆண்டு மாணவராக வார்டின் கடைசி வரிசையில் நின்று, தன்னைவிட ஐந்து வயது இளையவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைவிடக் கடினம், பதில் தெரியாத நிலையில் வாரக்கணக்கில் காத்திருப்பது. களத்தில் காயம் கண்ணுக்குத் தெரியும், செய்ய வேண்டியதும் தெரியும். வயிற்றுவலியோடு வரும் அறுபது வயதுப் பெண்மணியின் நோய் மூன்று பரிசோதனைக்குப் பிறகும் பிடிபடாமல் இருக்கும். விண்ணப்பத்தோடு தரும் 5,300 எழுத்துக்குள் அடங்க வேண்டிய சுயகட்டுரையிலும் இதுவே சோதனை. சண்டைக் காட்சியை விவரித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வுக்குழு தேடுவது, அந்த அனுபவத்திலிருந்து நோயாளியின் பக்கம் எப்படி வந்தீர்கள் என்பதை.

இந்தியாவில் கதவு எங்கே மூடியிருக்கிறது

நம் நாட்டில் கதை தலைகீழ். ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் பணிக்குச் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். நீட் எழுதுவதற்கும் தேவை கிட்டத்தட்ட அதே பாடங்கள். ஆக அமெரிக்க மெடிக்கைத் தடுக்கும் அறிவியல் பாடத் தகுதி இங்கே ஏற்கெனவே கையில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுக்கு மேல் பணி முடித்து வருபவருக்கு ஓய்வூதியம் உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் கட்டணமும் குறைவு. வயது வரம்பையும் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கிவிட்டது என்பது 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். என்பது அமெரிக்கக் கணக்கைவிடச் சிறியதும்கூட.

ஆனால் உள்ளே போக ஒரே ஒரு தேர்வு. 2024இல் 23 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.1 லட்சம். அந்த வினாத்தாளில் பதினைந்து ஆண்டு வார்டு அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. சியாச்சினில் பனிக்கடிக்கு மருந்து போட்டவரும், கோச்சிங் முடித்து வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையும் அதே 720 மதிப்பெண்ணுக்குப் போட்டியிட வேண்டும். முன்னாள் படைவீரர் என்று சேர்க்கையில் ஒதுக்கும் சில இடங்களும் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு. அமெரிக்காவில் பணமும் வருடமும் தடை. இங்கே இடமும் தேர்வின் வடிவமும் தடை.

2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் முதல் அணி நான்கு ஆண்டை முடித்து 2026 இறுதியிலிருந்து வெளியே வருகிறது. நான்கில் மூன்று பங்கினர் வீடு திரும்புவார்கள். பலருக்கு 22, 23 வயதுதான் இருக்கும், கையில் சுமார் 11.7 லட்சம் ரூபாய். இஸ்ரேலில் பெரும்பாலான மாணவர்கள் கட்டாய ராணுவச் சேவையை முடித்துவிட்டு, ஏறக்குறைய இந்த வயதில்தான் மருத்துவப் படிப்பில் சேருகிறார்கள். அங்கே யாரும் அதைத் தாமதம் என்று நினைப்பதில்லை. நம் அக்னிவீரர்களில் உயிரியல் படித்தவர்களுக்குப் பணியின் கடைசி ஆண்டில் பெத்தெஸ்டா மாதிரி ஒரு தயாரிப்பு வகுப்பு வைக்கலாம். ஓய்வு பெறும் நர்சிங் அசிஸ்டென்டுகளுக்கு, அவர்கள் செய்த பணியைச் சோதித்து மதிப்பிட்டு, மாவட்ட மருத்துவமனைகளில் மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு நடுநிலைப் பயிற்சி தரலாம். ஸ்டெட் நான்கு பேரை வைத்துத் தொடங்கினார். ராணுவ மருத்துவப் பிரிவின் பயிற்சி மையம் லக்னோவில் இருக்கிறது. முதல் வகுப்பை அங்கேயே நடத்தலாம்.